நாலரை மணி நட்சத்திரம்

என் வரைபடத்தை என் ஓரகத்தி தூரான் திருடிவிட்டாள் என்று எங்கள் காஷான் ஊர்க் கடைத்தெருவில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். தூரானைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஆசை இல்லைதான், ஆனாலும் பொய் பொய்தானே. என் வாயால் நானேதான் "எடுத்துக்குங்க" என்றேன். அவள் எடுத்துக்கொண்டாள். எதிரே இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தார்கள். திருட்டாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம், போலீஸிடம் போயிருப்பேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

தூரானின் புருஷன் மூத்தவர், என் புருஷன் இளையவர். இரண்டு பேருமே இப்போது மண்ணுக்குள். மாமனார் உஸ்தாத் ஹைதர் வைத்துவிட்டுப் போன டைல்ஸ் பட்டறைக்கு நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டோம். அவள் பக்கம் சூளை, என் பக்கம் கிணறு. அந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றி எத்தனையோ வருஷம். யார் பங்கு பிரித்தது என்று கேட்காதீர்கள்.

இரண்டு பேருமே வரைகிறவர்கள். பள்ளிவாசல் சுவரா, குளியல் கூடமா, பணக்காரர் வீட்டு முற்றமா, நட்சத்திரமும் கொடியும் முடிச்சும் வரைந்து கொடுப்போம், ஆட்கள் வெட்டிப் பதிப்பார்கள். முப்பத்துநான்கு வருஷம் வரைந்திருக்கிறேன். ஊரில் நான் வரைந்த சுவர் எத்தனை என்று எனக்கே தெரியாது. ஒவ்வொன்றிலும் கீழ் மூலையில் ஒரு சின்ன டைல் இருக்கும். "உஸ்தாத் ஹைதரின் புதல்வர்கள்" என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் புதல்வர்களில் ஒருவருக்கு நேர்கோடு போட ஸ்கேல் வைத்தாலும் வராது. அவர் என் புருஷன், அதனால் சொல்லலாம். என் பேர் ஒரு சுவரிலும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் நூலகம் வந்தது. ஊருக்கு மேற்கே புதிதாக நூலகம் கட்டப் போகிறார்கள் என்று டெஹ்ரானிலிருந்து ஒரு பெண் எஞ்சினியர் வந்தாள். பெஹ்சாதி என்று பேர், நாற்பது வயதிருக்கும், தலைத்துணி எப்போதும் நழுவிக்கொண்டே இருக்கும். மேற்குச் சுவரில் ஜன்னலே கிடையாதாம், பதினொரு மீட்டர் நீளம் முழுக்கச் செங்கல். அதற்கு ஒரு கோலம் வேண்டும். என்னையும் தூரானையும் ஒரே நாளில் கூப்பிட்டு, ஒரே மாதிரி சொன்னாள்.

"பழைய சுவரைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சுக் குடுக்காதீங்க. அஞ்சு நாள் வண்டியில சுத்துவோம். புதுக் கட்டடமும் பார்ப்போம், பழசும் பார்ப்போம். கடைசி நாள் வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இஸ்ஃபஹான்ல ஆளுக்கு ஒரு வரைபடம். ரெண்டுல ஒண்ணு. யாரோடது எடுக்கிறோமோ அவங்க பேரைச் செங்கல்ல வெட்டி மூலையில வைப்பேன்."

பேரை. புதல்வர்களின் பேரை அல்ல.

கிளம்புகிற அன்று என் மருமகள் வழக்கப்படி வண்டிக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றினாள், போனவள் நல்லபடியாகத் திரும்பி வர. அதைப் பார்த்துத் தூரானின் மகள் உள்ளே ஓடி ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினாள். டிரைவர் கொத்ரத் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அம்மாமாரே, இது வண்டி. படகு இல்ல."

வண்டியில் ஏறுவதற்கே கால்மணி நேரம் ஆயிற்று. நானும் தூரானும் சண்டைக்காரர்கள் என்றாலும் தெருவில் கத்திக்கொள்கிறவர்கள் இல்லை. எங்களுக்குள் உபசாரம்தான், பேருக்குப் பின்னால் பாசமாக ஒரு "ஜான்" சேர்த்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். வெளியார் கேட்டால் என்ன ஒற்றுமை என்பார்கள்.

"நீங்க முதல்ல, ஃபக்ரி ஜான்."

"ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? மூத்தவங்க நீங்க."

"மூத்தவங்கன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாக்கிட்டீங்க. ஏறுங்க."

"உங்க காலடி மண்ணு நான். நீங்க ஏறினாத்தான் நான் ஏறுவேன்."

கடைசியில் எஞ்சினியரம்மா இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டெஹ்ரான்காரி.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இந்த உபசாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவர் உங்களிடம் உள்ளதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றால், "உங்களுக்கே, எடுத்துக்குங்க" என்று சொல்லியாக வேண்டும். அவர் வேண்டாம் என்பார். இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அவர் மறுபடியும் வேண்டாம் என்பார். மூன்றாவது தடவையும் சொன்னால்தான் நிஜமாகவே கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். மளிகைக்கடைக்காரனும் "காசு எதுக்கு, வேண்டாம்" என்றுதான் ஆரம்பிப்பான். அதைக் கேட்டுக் காசு கொடுக்காமல் நடையைக் கட்டுகிறவன் எங்கள் ஊரில் பிறந்திருக்க மாட்டான்.

எனக்கும் தூரானுக்கும் ஆகாமல் போனதே இந்தக் கணக்கில்தான். மாமனாரிடம் ஒரு பித்தளைக் காம்பஸ் இருந்தது. முழ நீளம், ஊசி முனை. அதை வைத்து ஒரு வட்டம் போட்டால் ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் தெரியாது. அவர் இறந்து நாற்பதாம் நாள், எல்லாரும் அல்வா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தூரான் அதை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோ ஃபக்ரி. நீதான் அதிகமா வரையறே."

"ஐயோ வேண்டாம். மூத்தவங்க கையிலதான் இருக்கணும்."

"சும்மா எடுத்துக்கோ."

"உங்ககிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன."

மூன்றாவது தடவை சொல்வாள் என்று கையைக்கூடத் துடைத்து வைத்துக்கொண்டேன். அவள் சொல்லவில்லை. காம்பஸைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் ஆணியும் நூலும் வைத்து வட்டம் போடுகிறேன். அன்றுவரை என்னை நீ, வா, போ என்றவள் மறுநாளிலிருந்து "நீங்க" என்றாள்.

டெஹ்ரானில் ஒரு கலைக்கூடத்துக்கு எஞ்சினியரம்மா கூட்டிக்கொண்டு போனாள். வெறும் சிமென்ட். கூரைமேல், காற்றை வீட்டுக்குள் இறக்கும் எங்கள் ஊர்க் காற்றுக் கோபுரங்களைக் கத்தியால் சாய்வாக வெட்டி வைத்தமாதிரி வரிசையாக நிற்கின்றன. ஆனால் காற்றுக்கு இல்லையாம், வெளிச்சத்துக்காம். தூரான் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு செலவு பண்ணிட்டுப் பூச மறந்துட்டாங்க போல."

எஞ்சினியரம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், தூரான் சொன்னதற்காக இல்லை, அவள் ஒன்றும் பார்க்கவில்லை என்பதற்காக. ஏனென்றால் நான் பார்த்துவிட்டேன். மேலிருந்து வெளிச்சம் விழுந்து, எதிர்ச்சுவரில் அரைவட்டமாக ஒரு நிழல். அந்தச் சுவரில் சிமென்டிலேயே ஒரு அரைவட்டம் குழித்திருந்தார்கள். நான் உட்கார்ந்து கால் வலிக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நிழல் மெதுவாக நகர்ந்து வந்து அந்தக் குழியோடு சேர்ந்தது. முழு வட்டம். பாதி சிமென்ட், பாதி நிழல். கொஞ்ச நேரம்தான். அப்புறம் விலகிப்போயிற்று.

டைல்ஸ்காரியான எனக்கு இது என்னவோ செய்தது. டைலில் நிழல் கிடையாது. எல்லாம் தட்டையாக, பளபளவென்று இருக்கும். எங்களுக்கு நிழல் என்றால் தூசி மாதிரி, துடைத்துவிட வேண்டியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இஸ்ஃபஹானின் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குப் போனோம். அங்கே நான் நூறு தடவை போயிருக்கிறேன். டைல்ஸ் வேலையைத்தான் பார்ப்பேன், செங்கல் பக்கம் திரும்பியதே இல்லை. அன்றைக்கு ஒரு பக்கச் சுவரில் சில செங்கற்கள் விரற்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மணி நாலரை. வெயில் பக்கவாட்டில் வந்து விழுந்தது. நீட்டிய செங்கல் ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒரு கோடு போட்டது. யாரும் கட்டாத கோடு. அந்த இடத்திலேயே எனக்குக் கோலம் வந்துவிட்டது. பாதி நட்சத்திரத்தைச் செங்கல்லில் நீட்டு. மீதிப் பாதியைச் சூரியன் போடட்டும். நூலகச் சுவர் மேற்குப் பார்த்தது. தினமும் நாலரை மணி வாக்கில் நட்சத்திரம் மூடும். மற்ற நேரமெல்லாம் திறந்தே கிடக்கும்.

தூரான் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து டைல்ஸில் எத்தனை முனை நட்சத்திரம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஃபக்ரி ஜான், வெறும் செங்கல்லை அப்படிப் பாக்கறீங்களே, கண்ணு சரியில்லையா?"

"உங்க கண்ணு நல்லா இருந்தாப் போதும், தூரான் ஜான்."

புதன்கிழமை மதியம் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. ரொட்டிக்குள் கொத்துக்கறியும் துளசி இலையும் வெங்காயமும். கறி வருவதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ட்ரேசிங் பேப்பரை எடுத்து, மடியில் வைத்து, பென்சிலால் போட்டுவிட்டேன். பத்து முனை நட்சத்திரம், ஐந்து முனைதான் கோட்டில். எஞ்சினியரம்மா எட்டிப் பார்த்து "என்ன அது?" என்றாள். என் கர்வம்தான், வேறென்ன. மேஜைமேல் வைத்தேன்.

தூரான் துளசி இலையைக் கிள்ளிக்கொண்டே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளும் வரைகிறவள்தானே. எதுவோ இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

"ரொம்ப அழகா இருக்கு, ஃபக்ரி ஜான்."

வாய் தன்னால் பேசிவிட்டது. "உங்களுக்கே. எடுத்துக்குங்க."

"அப்படியா? உங்க கைக்கு வலி வராம இருக்கட்டும்."

வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிற வார்த்தை அது. அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டாள், தாளைச் சுருட்டினாள், பைக்குள் போட்டாள், ஜிப்பை இழுத்தாள். கொத்ரத் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டான். எஞ்சினியரம்மா என்னைப் பார்த்தாள், தூரானைப் பார்த்தாள், பிறகு மோரை எடுத்துக் குடித்தாள். அவர்கள்தான் என்ன சொல்வார்கள்? கொடுத்ததைத் திரும்பக் கேள் என்றா? அப்படிக் கேட்டவளை ஊரில் எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள் தெரியுமா?

கடையை விட்டு வெளியே வந்ததும் செருப்புக்கடைப் பக்கம் அவளை மடக்கினேன். எஞ்சினியரம்மா முன்னால் போய்விட்டாள்.

"அதைக் குடுங்க."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"நீங்கதானே குடுத்தீங்க? சாட்சிக்கு ஆள் இருக்கு. கொத்ரத்தைக் கூப்பிடட்டுமா?"

"முதல் தடவையிலேயே யாராவது எடுப்பாங்களா? நீங்க எந்த ஊர்ல பொறந்தீங்க?"

தூரான் நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"அன்னிக்குக் காம்பஸை ரெண்டு தடவை நீட்டினேன். ரெண்டு தடவையும் வேண்டாம்னீங்க. நம்பினேன். அதுக்கு இருபத்தாறு வருஷமா ஊர் பூரா என்னைக் காம்பஸ் திருடின்னு சொல்றீங்க. இன்னிக்கு ஒரு தடவை எடுத்துக்குங்கன்னீங்க. அதையும் நம்பினேன். உங்க வாய் சொன்னதைத் தவிர நான் எதையாவது செஞ்சேனா?"

"மூணாவது தடவை நீட்டியிருக்கலாமே."

"முதல் தடவையே நீங்க வாங்கியிருக்கலாமே."

செருப்புக்கடைக்காரன் "வாங்க அம்மா, உள்ளே பாருங்க, எல்லாம் உங்க கடைதான்" என்றான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவனை முறைத்தோம்.

ஓட்டலில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை. வேறு அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மதியத் தூக்கத்துக்கு நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பின்னால் பித்தளை மூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் என் தாளை விரித்து, மாமனாரின் காம்பஸைக் குத்தி, என் பென்சில் கோட்டின் மேலேயே மையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, கை சுத்தம். ஒரு கோடு நடுங்கவில்லை.

ஐந்து முனையும் மையாயிற்று. பிறகு அவள் என்ன செய்தாள் தெரியுமா? கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தாள். உச்சுக் கொட்டினாள். மீதி ஐந்து முனையையும் போட ஆரம்பித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, போர்வையை வாயில் வைத்துக்கொண்டேன். டைல்ஸ்காரி செய்கிற தப்பு அது. எங்களுக்குத் திறந்து கிடக்கிற நட்சத்திரம் என்றால் பல்லில் மாட்டிய நார் மாதிரி, முடிக்காமல் விட முடியாது. கல்யாணமாகி வந்த புதிதிலேயே மாமனார் ஸ்கேலால் முட்டியில் அடித்து, மூடு, மூடு என்று சொல்லித்தான் வளர்த்தார். நான் அவசரத்தில் பாதி விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். சூரியனை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சொல்லியிருக்கலாம். "தூரான் ஜான், அதைத் தொடாதீங்க" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. மூடு, நல்லா மூடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன்.

"தூங்கறீங்களா, ஃபக்ரி ஜான்?"

"ஆமா."

"தூக்கத்துல பேசறீங்க."

"உங்களுக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதையில்லையே."

ஆனால் எனக்கும் சிக்கல் இருந்தது. அதே கோலத்தை நான் வேறு தாளில் வரைந்து நீட்ட முடியாது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கியவள் ஆகிவிடுவேன், அதுவும் சாட்சிகளுக்கு முன்னால். வேறொன்று யோசிக்கலாம் என்று வியாழக்கிழமை காலை முழுக்கத் தெருத்தெருவாகச் சுற்றினேன். பாலத்தைப் பார்த்தேன், ஒரு வங்கிக் கட்டடத்தின் கண்ணாடியைப் பார்த்தேன், பள்ளிவாசல் வாசலில் தேன்கூடு மாதிரித் தொங்கும் வளைவைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எதைப் பார்த்தாலும் அதன் நிழல்தான் கண்ணில் பட்டது. கடைசியில் பழைய எட்டுமுனை நட்சத்திரம் ஒன்றை, மாமனார் காலத்தது, தூக்கத்தில்கூட வரையக்கூடியது, அதை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். பதினொரு மீட்டர் சுவர் கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நாலு மணி. ஓட்டல் முற்றம். எஞ்சினியரம்மாவிடம் ஒரு பெட்டி இருந்தது, தீப்பெட்டி அளவு மரக்கட்டைகள் நிறைய. பலகையில் அடுக்கி, வேண்டியதை முன்னால் இழுத்து, வெயிலில் நிறுத்தி வைத்துப் பார்ப்பாள். மேற்குச் சுவருக்கு என்பதால்தான் நாலு மணி என்றிருக்கிறாள். கொத்ரத் கன்னத்தில் கற்கண்டுத் துண்டை அடக்கிக்கொண்டு டீ குடித்தபடி தூணில் சாய்ந்து நின்றான்.

எஞ்சினியரம்மா என் எட்டுமுனையை ஒரு தடவை பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று ஓரமாக வைத்தாள். நல்லா இருக்கு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

தூரான் தன் பையிலிருந்து சுருளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். மை கறுப்பாக மின்னியது. பத்து முனையும் இருந்தது. எஞ்சினியரம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கோடு உள்ள இடத்திலெல்லாம் கட்டையை இழுத்து, பலகையை நிறுத்தி, வெயிலுக்குத் திருப்பினாள்.

நிழல் விழுந்தது. இந்தப் பக்கத்து ஐந்து முனையின் நிழல் அந்தப் பக்கத்து ஐந்து முனைமேல் போய் விழுந்தது. அந்தப் பக்கத்து முனைகள் இன்னும் ஐந்து நிழலைத் தள்ளிவிட்டன. நட்சத்திரம் எது, நிழல் எது என்று தெரியவில்லை. கோழி கிளறின மண் மாதிரி இருந்தது.

கொத்ரத் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தான். "எஞ்சினியரம்மா, இது ரெண்டா தெரியுதே. எனக்குத்தான் கண்ணு அப்படியா?"

"எனக்கும் அப்படித்தான் தெரியுது." எஞ்சினியரம்மா தாளைத் தூக்கிப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "இதுல ஏதோ ஒண்ணு இருக்கு. ஆனா ஏதோ அதிகமாவும் இருக்கு."

தூரானின் முகம் சிவந்தது. அவள் பேச்சுக்கு என்றைக்குமே திணறியது இல்லை.

"முதல்ல இது ஃபக்ரி ஜானோடதுதானே. நான் சும்மா மேல மை போட்டுக் குடுத்தேன். தப்பு இருந்தா அது மூலத்துலேயே இருந்திருக்கும்." என் பக்கம் திரும்பித் தாளை நீட்டினாள். குரலில் சர்க்கரை. "எடுத்துக்குங்க, ஃபக்ரி ஜான். உங்களுக்கே."

நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஐயோ, நான் யாரு, நீங்க உழைச்சது என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவள் இன்னொரு தடவை நீட்டுவாள், நான் இன்னொரு தடவை தள்ளுவேன், தப்பு இரண்டு பேருக்கும் நடுவில் பொதுவாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கொத்ரத்தே அதற்குத்தான் காத்திருந்தான், டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"உங்க கைக்கு வலி வராம இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டேன்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, கொஞ்ச நேரம்.

பையிலிருந்து அரை பிளேடை எடுத்தேன். ட்ரேசிங் பேப்பரில் மை போட்டால் பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அது எல்லா வரைகிறவர்களுக்கும் தெரியும். முற்றத்து மேஜையில் தாளை வைத்து, அவள் கூடுதலாகப் போட்ட ஐந்து முனையையும் ஒவ்வொரு கோடாகச் சுரண்டினேன். அவசரப்படவில்லை. கர், கர் என்று சத்தம். கறுப்புப் பொடி உதிர்ந்தது. ஒவ்வொரு கோடு முடிந்ததும் வாயால் ஊதினேன், பொடி அவள் பக்கம்தான் போயிற்று. காற்று அந்தப் பக்கம் அடித்தது, நான் என்ன செய்வது?

"ஒரு மத்தியானம் பூரா உக்காந்து போட்டது" என்றாள் தூரான். மெதுவாகத்தான் சொன்னாள்.

"தெரியும். பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தப்பு என்று தெரிந்தும் நான் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன் என்று. உதட்டை மடித்துக்கொண்டாள்.

சுரண்டி முடித்ததும் எஞ்சினியரம்மா கேட்காமலே அந்தப் பக்கத்துக் கட்டைகளையெல்லாம் உள்ளே தள்ளினாள். பலகையை மறுபடியும் நிறுத்தினாள். பாதி நட்சத்திரம், பக்கத்தில் நிழல் இன்னும் சரியாக எட்டவில்லை. "இருங்க" என்றேன். மணி நாலு இருபத்தைந்து. நாலு பேரும் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓட்டல்காரன் யாராவது செத்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நிழல் மெல்ல நீண்டது, ஒரு முனை சேர்ந்தது, அடுத்தது சேர்ந்தது. நாலரைக்குப் பத்தும் மூடிவிட்டது.

எஞ்சினியரம்மா நழுவிய தலைத்துணியை எடுத்துப் போடக்கூட இல்லை. "இதுதான்" என்றாள்.

பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நல்ல பெண், சமாதானம் செய்யப் பார்த்தாள். "இந்தத் தாள்ல ரெண்டு பேர் கையும் இருக்கு. செங்கல்ல ரெண்டு பேரோட பேரையும் வெட்டட்டுமா?"

தூரான் உடனே கையை ஆட்டினாள். பழக்கம்தான், வேறென்ன, அறுபத்தெட்டு வயதுவரை ஓடிய வாய் எப்படி நிற்கும்? "ஐயோ, என் பேர் எதுக்கு? நான் யாரு? ஃபக்ரி ஜான் பேரையே போடுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அது எப்படி, மூத்தவங்க பேர்தான் முதல்ல வரணும் என்று நான் சொல்ல வேண்டிய இடம். அவள் கண்ணில் அது இருந்தது. அந்த மையில் ஐந்து முனை அவளுடையதுதான், என் பென்சில்மேல் அவ்வளவு சுத்தமாகப் போட்ட ஐந்து முனை. அவள் பேரும் ஊரில் ஒரு சுவரிலும் கிடையாது. அவளும் புதல்வர்களுக்குத்தான் வரைந்தாள். இதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றாமல் இல்லை.

"சரி" என்றேன். "அவங்க சொல்ற மாதிரியே போடுங்க."

கொத்ரத்துக்குக் கற்கண்டு தொண்டையில் மாட்டிக்கொண்டு இருமல் வந்துவிட்டது.

திரும்பி வரும்போது வண்டி வாசலில் நான் வழக்கம்போல நின்றேன். "நீங்க முதல்ல, தூரான் ஜான்." அவள் என்னைத் தாண்டி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வழியில் நத்தன்ஸ் மலையடியில் டீக்கு நிறுத்தினபோது, அவள் பையைத் திறந்து எதையோ தேடினாள், காம்பஸ் துணியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. வெயிலில் அந்தப் பித்தளை தங்கமாக மின்னியது.

நான் யோசித்துவிட்டுத்தான் பேசினேன். ஒளிக்க என்ன இருக்கிறது? முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்ள இப்போது எனக்குப் பழகிவிட்டது.

"காம்பஸ் ரொம்ப அழகா இருக்கு, தூரான் ஜான்."

கொத்ரத் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் இதற்கு ஒரே பதில்தான் சொல்வாள்.

"தெரியும்" என்றாள் தூரான். காம்பஸைத் துணியில் சுற்றினாள். பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். "தள்ளி உக்காரு. கால் வைக்க இடம் இல்ல."

உக்காரு. இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம்.

சுவர் கட்டி முடிய ஒரு வருஷம் ஆயிற்று. கீழ் மூலையில் ஒரு செங்கல்லில் என் பேர் இருக்கிறது. அதை மட்டும் நான் பார்க்கப் போவதாக நினைக்காதீர்கள், வாரத்துக்கு இரண்டு நாள்தான் போகிறேன். நூலகத்துக்கு வருகிற பெண்கள் நாலரைக்கு வெளியே வந்து நின்று பார்ப்பதும் உண்டு.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் நான் அங்கே நிற்கும்போது தூரான் கையில் ரொட்டியோடு அந்த வழியாக வந்தாள். ரொட்டிக்கடை அந்தப் பக்கம் இல்லை, அதையும் சொல்லிவைக்கிறேன். வானம் மூடியிருந்தது. சுவரில் ஐந்து முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, வாய் பிளந்த மாதிரி. அவள் நின்றாள், பார்த்தாள், ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு ஒரு துண்டு நீட்டவில்லை.

"மேகம் வந்தா உன் நட்சத்திரம் பாதிதான், ஃபக்ரி" என்றாள். "நான் மூடினது எல்லா நாளும் மூடியிருக்கும்."

போய்விட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் காலையில் எழுந்ததும் முதலில் வானத்தைத்தான் பார்த்தேன்.